கழுவிய டெஸ்ட் டியூப்

கைக்குழந்தைக்காரியிடம் எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாலும் கழுவிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நான் அதிலும் ஒரு படி மேல். பால் புட்டியை மூன்று முறை கொதிக்க வைத்துவிட்டு, இரண்டு முறைதானோ என்று நான்காவது முறையும் வைப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ. இதுவும் கிடைக்காவிட்டால் புத்தகங்களை மூட்டை கட்டிவிடுவதாக வீட்டில் அறிவித்திருந்தேன். கணவர் ஆம்பூர் தோல் டேனரியில் லீவு போட்டுவிட்டு, ஆறு மாத மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடவே வந்தார். ("பஸ்ல பாடத்த பாரு. புட்டி கழுவுனமான்னு யோசிக்காத." நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.)

லேபில் துறைத்தலைவி மேடம் கேட்டார். "பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு எப்படித் தயாரிப்பே?"

மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். குளிர வைத்த குடுவையில் பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு சொட்டச் சொட்ட, உலர்ந்த குளோரின் வாயுவைச் செலுத்த வேண்டும். வெளிர்மஞ்சள் தூள் படியும். சூடாக்கினால் உருகாமல் நேரே ஆவியாகும். ஈரம் ஆகவே ஆகாது. (கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அழுத்திச் சொன்னேன்.)

"சரி, ஆல்கஹாலோட சேர்த்துக் காட்டு."

அட்டெண்டர் பர்வதம்மா, சூட்டில் உலர்த்திய டெஸ்ட் டியூபை நீட்டினார். அதன்மேல் ஒரு கைரேகை. அவ்வளவுதான், என் கை தானாகக் குழாயைத் திறந்தது. கழுவினேன், உதறினேன், மேஜையில் இருந்த பென்டாகுளோரைடு தூளைப் போட்டேன்.

ஆல்கஹால் பாட்டிலைத் திறக்கவே இல்லை. சுர்ரென்ற சத்தம், கையில் சூடு, முகத்தில் வெள்ளைப் புகை. மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா நீ! காய வெச்சு குடுத்தத கழுவிட்டியே!" என்று பர்வதம்மா ஜன்னலைத் திறக்க ஓடினார்.

வராந்தாவில் குழந்தை தும்மியது. கூடவே கணவரின் குரல்: "இன்னா நாத்தம் இது! எங்க டேனரியே தேவலாம்!"

பெற்றவள் அந்தத் தும்மலுக்கு ஓடியிருக்க வேண்டும். நானோ டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, தூள் எங்கே போயிற்று என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் என்ன பாக்குறே?" மேடம் இருமிக்கொண்டே கேட்டார்.

"புகை ஹைட்ரஜன் குளோரைடு மேடம். ஈரம் கம்மியா இருந்தா ஆக்ஸிகுளோரைடோட நின்னிருக்கும், ஜாஸ்தின்னா பாஸ்பாரிக் ஆசிட். எதுன்னுதான் பாக்குறேன்."

மேடம் இருமி முடிக்கும்வரை என் புத்தக மூட்டை கண்முன்னால் நின்றது.

"திங்கட்கிழமை வந்து சேரு. ஆனா டியூப் கழுவுற வேலை பர்வதத்துக்குத்தான்."

அன்று தும்மிய மகளுக்கு, இந்த எண்பத்தேழில், எட்டு வயது. நான் டம்ளரோடு குழாயடிக்குப் போனாலே அப்பாவும் மகளும் சேர்ந்து கத்துகிறார்கள்: "அதுல இன்னா போடப் போற? சொல்லிட்டு கழுவு!"

காபிதான் என்று சத்தியம் செய்த பிறகே குழாயைத் திறக்க முடிகிறது.