கரண்டி பிடித்தால் பாடும் பெட்டி

மனித உடம்பை வாத்தியமாக்கிய முதல் விஞ்ஞானி, புத்தூரில் றேடியோ திருத்திக்கொண்டிருந்த எங்கள் வயர் அண்ணைதான். வெளிநாட்டில் தலையில் கம்பி ஒட்டி மூளையிலிருந்து இசை எடுக்கிறார்களாம். போன கிழமை படித்தேன். எடுக்கட்டும். அவர்களிடம் மின்சாரம் இருக்கிறது. வயர் அண்ணையிடம் இருந்தது நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் வருவதுதான் மின்சாரம். வயர் அண்ணையின் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த கணக்கு வாத்தியாரான என்னிடம் நல்ல டைனமோ பூட்டிய சைக்கிள் இருந்தது. நான் செய்த பிழை அது.

வயர் அண்ணை தானே ஒரு பெட்டி செய்திருந்தார். அதிலிருந்து இரண்டு வயர், நுனியில் இரண்டு சோற்றுக் கரண்டி. இரண்டு கையாலும் பிடித்தால் பெட்டி பாடும். கை வேர்க்க வேர்க்கச் சுருதி ஏறும்.

"வாய் மறைச்சாலும் கை சொல்லிப்போடும் மாஸ்டர். சுத்துங்கோ!" என்பார்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், "பொம்பருக்கு நான் பயப்பிடுறேல்லை" என்று கரண்டியைப் பிடித்தார். தூரத்தில் விமான இரைச்சல் கேட்டது. மனிதர் அசையவில்லை, பெட்டிதான் வீரிட்டது. பங்கர்க் குழிக்குள் ஓடி இறங்கிய பிறகு எல்லாரும் சிரித்தோம். வயர் அண்ணை மட்டும் சிரிக்காமல், "எனக்கும் உதே சுருதிதான் ஐயா" என்றார். அப்படியான மனிதர்.

ஒரேயொரு சிக்கல். பெட்டிக்கான சாமான் எல்லாம் அவர் மனைவி பூமணி அக்காவின் றேடியோவிலிருந்து கழற்றியவை. கலியாணத்துக்கு அக்காவின் தகப்பன் கொடுத்த றேடியோ. கேட்காமலே கழற்றிவிட்டார். மூன்று மாதமாக அக்கா அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"மாஸ்டர், சோறு போட்டாச்சு எண்டு உவருக்குச் சொல்லுங்கோ."

'உவர்' எனக்குப் பக்கத்தில்தான் நிற்பார். "வாறன் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ மாஸ்டர்."

மனிதர் பாதியாக மெலிந்துபோனார். "இனிமேல் என்னோடை கதைக்கவே மாட்டாவோ?" என்று ஒருநாள் கண்கலங்கினார். பிறகு அவரே, "கரண்டியைப் பிடிக்கச் சொல்லுங்கோ. கோவம் எவ்வளவு மிச்சம் கிடக்கெண்டு பாப்பம்" என்றார்.

கூப்பிட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா விறுவிறென்று வந்து கரண்டிகளைப் பிடித்தார். பெடலைச் சுற்றினேன். பெட்டி போட்ட கூச்சலில் வேம்பிலிருந்த காகமெல்லாம் பறந்தன.

"இவ்வளவு கோவமோ!" வயர் அண்ணையின் முகம் கறுத்துப்போனது. தன் பெட்டியைத் துண்டு துண்டாகக் கழற்றத் தொடங்கினார். உலகத்தில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

நான் குசினிப் பக்கம் போனேன். அக்கா குசுகுசுத்தார்: "கோவம் எப்பவோ போயிட்டுது மாஸ்டர். எப்பிடிக் கதை தொடங்கிறதெண்டுதான் தெரியேல்லை. மீனுக்கு உப்புப் போட்ட கையைக் கழுவாமல் வந்து பிடிச்சிட்டன். அதுதான் கத்திச்சுதோ?"

அதேதான். உப்புக் கையால் எந்தச் சாது பிடித்தாலும் பெட்டி அப்படித்தான் அலறியிருக்கும்.

"ஓடிப்போய்ச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். றேடியோவைத் திருத்தட்டும்."

அவர்களுக்கிடையில் நான் கொண்டுபோகாத ஒரே செய்தி அது. பின்னேரம் றேடியோ பாடியது. சுற்றியது நான்தான். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்ட அக்கா, என்னைப் பார்க்காமல் நேரே அவரைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, என்ரை கரண்டி ரெண்டையும் தாங்கோ. சோறு போடவேணும்."

கரண்டியை நீட்டிய வயர் அண்ணையின் கை தெப்பமாக வேர்த்திருந்தது.

இப்போது என் வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் இருக்கிறது. ஆனாலும் அந்த மனிதர் வந்து "சுத்துங்கோ மாஸ்டர்" என்றால், சைக்கிளைக் கவிழ்த்துவிடுவேன்.