நான்கு எண் கேட்ட ஜின்

காரா-பால்டா சந்தையில் ஆட்டிறைச்சிக்குக்கூட இவ்வளவு நீளமான வரிசை நின்றதில்லை. எல்லோர் கையிலும் ஃபோன். எல்லோர் கண்ணுக்குக் கீழும் கருவளையம்.

வைத்தியர் சாரிகுல் ஃபோனுக்குள் குடியிருக்கும் ஜின்னை ஓட்டுகிறார். முன்பு மனிதர்களுக்குள் இருந்த ஜின்களை ஓட்டிக்கொண்டிருந்தார். மனிதர்கள் நடுவில் கேள்வி கேட்பார்கள். ஃபோன் கேட்காது.

முறை எளிது. ஃபோனைத் திறக்கும் நான்கு எண்ணை அவர் காதில் சொல்ல வேண்டும். அவர் ஃபோனைக் கம்பளிக்குள் நுழைப்பார். கையையும் நுழைப்பார். புகை போட்டு முணுமுணுப்பார். வெளியே வரும்போது திரையின் மேல் ஓரத்தில் சின்னஞ்சிறு பிறை.

"பிறை தெரியுதா? ஜின் போயாச்சு."

காணிக்கை ஐந்நூறு சோம். அதன் பிறகு ஃபோன் சத்தம் போடாது. ஜனங்கள் பிறையை முத்தமிட்டார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த உல்கானும் முத்தமிட்டவள்தான். அவள் ஃபோனில் கணவன் வழிச் சொந்தங்களின் குழு ஒன்று இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். காலை ஐந்து மணிக்குப் பெரிய மாமனார் ரோஜாப்பூப் படத்தோடு ஆசி அனுப்புவார். மற்ற நானூற்றுப் பதினொரு பேரும் 'ஓமீன்', அப்படியே ஆகட்டும் என்று பதில் போட வேண்டும். போடாத மருமகளின் பெயர் மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து ஆசி. இவ்வளவு ஆசி பெற்றும் அவளுக்குத் தூக்கமில்லை. மாத்திரைக் கணக்கு தப்பியது.

பிறை வந்தபின் மூன்று நாள் சொர்க்கம். "ஜின் ஓட்டியிருக்கு மாமா, அதான் ஓமீன் போடல" என்றாள். பெரியவரே தலையாட்டினார்.

நான்காம் நாள் அவள் கணவன் டோக்டோசுன் தலாஸிலிருந்து பீன்ஸ் லாரியோடு வந்தான். கணவாயில் பனி. சக்கரச் சங்கிலி அறுந்தது. ஃபோன் இல்லாத தம்பியிடம் வேறு சங்கிலி கொடுத்தனுப்பச் சொல்லி, பகல் இரண்டு மணியிலிருந்து மனைவியை அழைத்தான். பதினேழு முறை. ஃபோன் அவள் அங்கிப் பையில்தான் இருந்தது. மறுநாள் பனி வாரும் வண்டி அவனைக் கண்டபோது இடது காலில் இரண்டு விரல் குளிரில் உறைந்து கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டான். "ஏன் எடுக்கல?"

"அடிக்கவே இல்லங்க."

"கால் ஆறினதும் மறுபடி அதே கணவாய்தான். அப்பவும் அடிக்காதா?"

உல்கான் சாரிகுலிடம் ஓடினாள்.

"ஜின் போற போக்குல உன் புருஷன் கூப்பிட்டதைத் திருடிட்டுப் போயிருக்கு மகளே," என்றார் அவர். "இன்னொரு புகை போடணும். ஆயிரம் ஆகும்."

அவள் திரையைப் பார்த்தாள். பதினேழு அழைப்பும் மணி, நிமிடத்தோடு வரிசையாக இருந்தன. எந்தத் திருடன் ரசீது வைத்துவிட்டுப் போவான்?

வீட்டுக்கு வந்தாள். இந்த முறை பிறையை முத்தமிடவில்லை. திரையைக் கீழே இழுத்தாள். அங்கேயும் அதே பிறை. பக்கத்தில் 'தொந்தரவு செய்யாதே' என்று எழுதியிருந்தது. தட்டினாள். பிறை மறைந்தது. அடுத்த நொடியே ஓமீன், ஓமீன் என்று ஃபோன் துள்ளியது.

மறுநாள் பிறை இல்லாத ஃபோனோடு வரிசையில் நின்றாள்.

"நம்பர் சொல்லு மகளே."

"எதுக்கு வைத்தியரே?"

"பூட்டின வீட்டுலேருந்து ஜின் எப்படி வெளிய வரும்?"

"உள்ள போறப்ப யார்கிட்ட நம்பர் கேட்டுச்சு?"

வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் முறைத்தார்.

"நம்பிக்கை இல்லாத இடத்துல பலிக்காது," என்றார் சாரிகுல்.

"சரி, நம்புறேன். ரெண்டு, ஏழு, ஒண்ணு, ஒம்போது. எல்லாருக்கும் கேட்டுச்சா? ஆனா கம்பளிய நான் கட்டுவேன். உங்க கை வெளிய இருக்கட்டும்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க வழியில்லை. அவள் ஃபோனைக் கம்பளியில் சுருட்டித் தன் சால்வையால் இறுக்கிக் கட்டினாள். அவர் புகை போட்டார். கூடுதலாகப் போட்டார். அவர் கண்ணிலேயே நீர் வந்தது.

"போயாச்சு."

"சைரா எஜே, என் நம்பருக்கு ஒரு தடவ அடிங்க," என்றாள், பக்கத்தில் ஆப்பிள் விற்ற அக்காவிடம்.

மூட்டைக்குள்ளிருந்து கொமுஸ் தந்தி இசையில் அழைப்பு மணி சந்தை முழுக்கக் கேட்டது.

உல்கான் கட்டை அவிழ்த்தாள். ஃபோனை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறை வந்தது. புகையில்லாமல்.

"இப்ப அடிங்க எஜே."

சத்தமே இல்லை.

"அடப்பாவி, இதுக்கா ஐந்நூறு?" என்றான் ஒருவன். சாரிகுல் அதற்குள் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு கிழவிக்கு மட்டும் கோபம் உல்கான் மேல்தான். "உனக்கென்னடி, சொல்லிட்டே. நானா அமுக்கினா என் கொழுந்தன் சண்டைக்கு வருவான். ஜின் அமுக்கினா வாயத் தொறப்பானா?"

பாதி வரிசை ஆமாம் என்று தலையாட்டியது.

"எங்க வீட்டுக்காரர் விரலுக்கு அந்த ஜின் வந்து பதில் சொல்லுமா, அபா?" என்று கிழவியிடம் கேட்டாள் உல்கான்.

கிழவி ஃபோனை மடிக்குள் செருகிக்கொண்டாள்.

உல்கான் மறுபடி தட்டிப் பிறையை எடுத்துவிட்டாள். சொந்தங்களின் குழுவின் வாயை மட்டும் அடைத்தாள். அதற்குமுன் அதில் ஒரு வரி எழுதினாள்: 'மாமா, உங்க ஆசியெல்லாம் ஞாயித்துக்கிழமை மொத்தமா வாங்கிக்கிறேன்.'

வானம் இடிந்து விழவில்லை.

சாரிகுல் இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறாராம். அங்கே வரிசை இன்னும் நீளமாம். ஒரு மனிதரிடம் 'இப்போது முடியாது' என்று சொல்லப் பயந்து ஜின்னை வாடகைக்கு எடுக்கும் பெரியோர்களே, கொஞ்சம் யோசியுங்கள். 'முடியாது' என்று சொல்வதற்கு இன்னும் யாரும் காணிக்கை கேட்கவில்லை.