நாலும் தெரியுதுங்க

பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் ஆள் நான் என்று ஒரு காலத்தில் என்னைப் பற்றி உயர்வாக நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டு வருடமாக ஒரே பொய்யைக் கூச்சமில்லாமல் சொல்லித் திரிந்தவன் நான். (கண்டுபிடித்தவளையே கல்யாணமும் செய்துகொண்டேன்.)

பொய் இதுதான். சிம்ம ராசியின் கழுத்துப் பக்கம் நாலு கேலக்ஸிகள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கோடானுகோடி நட்சத்திரங்கள். ஆனால் டெலஸ்கோப்பில், கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி அவ்வளவு மங்கலாகத் தெரியும். நேராகப் பார்த்தால் காணாமல் போய்விடும். ஓரக்கண்ணால் பார்த்தால்தான் மெல்ல வரும். நானே செய்த பத்து அங்குல டெலஸ்கோப்பில் எனக்கு மூன்றுதான் தெரிந்திருந்தன. ஊரெல்லாம் நாலு என்று சொல்லிவைத்திருந்தேன்.

எங்கள் போத்தனூரில் ரயில்வே ஜங்ஷன் வெளிச்சத்துக்கு அந்த மூன்றும் தெரியாது. அதனால் டெலஸ்கோப்பை ஆம்னி வேனில் ஏற்றி இருட்டு தேடி அலைவேன். இது, வெள்ளகோவிலில் நாங்கள் பெண் பார்த்துவிட்டு வந்திருந்த வீட்டின் காதுக்குப் போய்விட்டது. "பையன் இருட்டுல காட்டுக்குள்ள போயி தனியா நிக்கறானாமா" என்று யாரோ பற்றவைத்துவிட்டார்கள்.

பெண் பெயர் சுகந்தி. திருப்பூரில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலை. எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிருந்தது. அவளுடைய அப்பா போனில், "அதென்னன்னு நாங்களும் ஒருக்கா பாத்துபோடறமுங்க தம்பி. தோட்டத்துக்கே கொண்டாந்துருங்க" என்றார். பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள் என்று புரிந்தது. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

பங்குனி அமாவாசையன்று அம்மாவோடு போனேன். இருட்டியதும் களத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தி, அந்தக் கேலக்ஸிக் கூட்டத்தைப் பிடித்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது வானம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. டெலஸ்கோப் குழாயின் மேல் குறி பார்ப்பதற்கென்று சின்ன டெலஸ்கோப் ஒன்று உண்டு. அதில் பார்த்து அடையாள நட்சத்திரத்துக்கு நேராகக் குழாயைச் சரிசெய்தேன். பெரியதில் நான் பார்க்கவில்லை. பெரியவர்கள் நிற்கும்போது நான் முந்திக்கொண்டால் மரியாதையாக இருக்குமா?

அதற்குப் பதில் பிரசங்கம் செய்தேன். "மங்கலாத்தானுங்க இருக்கும். இருக்குதா இல்லியான்னே சந்தேகம் வருமுங்க. பொறுமையாப் பாத்தா நாலும் வந்துருமுங்க."

சுகந்தியின் அப்பா முதலில் குனிந்தார். "ஆஹா! தெரியுதுங்க தம்பி. பொகையாட்டம்."

"எத்தனைங்க மாமா?"

"நாலுந்தானுங்க."

அடுத்து அவளுடைய பெரியப்பா. "எனக்கு அஞ்சு தெரியுதுங்களே!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே காணாத நாலாவதை அவர் தாண்டிப் போய்விட்டார்! அடுத்து அம்மா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நிதானமாக, "நாலும் தெரியுது கண்ணு" என்றாள்.

கடைசியாக சுகந்தி வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க."

"நேராப் பாக்காதீங்க. ஓரக்கண்ணுல பாருங்க."

"அப்படியும் பாத்துட்டனுங்க."

"பழகாத கண்ணுக்குச் சட்டுன்னு வராதுங்க" என்றேன். (கண்ணைச் சோதிப்பதே தொழிலாக உள்ள பெண்ணிடம்! இன்றும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.)

அவள் குழாயைத் தடவிக்கொண்டே அதன் வாய்ப்பக்கம் போனாள். நின்றாள். எதையோ இழுத்தாள். அவள் கையில், பழைய கறுப்புக் குடைத்துணிக்கு எலாஸ்டிக் வைத்து நான் தைத்திருந்த மூடி தொங்கியது.

குழாயின் வாய் இத்தனை நேரமும் மூடியே இருந்திருக்கிறது. பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அதானே பாத்தேன். கொஞ்சம் இருட்டாட்டம் இருக்குதேன்னு."

முதலில் சிரித்தது சுகந்தியின் அப்பா. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தம் அவ்வளவுதான் என்று நான் வேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மட்டும் திரும்பவும் குனிந்தாள்.

"இப்பத் தெரியுதுங்க. மூணு. எத்தனை தடவை பாத்தாலும் மூணுதானுங்க."

ஏனோ அந்த இடத்தில் பொய் வரவில்லை. "எனக்கும் எப்பவும் மூணுதானுங்க" என்றேன்.

அவள் நிமிர்ந்து, முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "எங்க ஆஸ்பத்திரிக்கு வாறவங்க பாதிப்பேரு தெரியாத எழுத்தையும் தெரியுதும்பாங்க. தெரியலைன்னு சொல்றவங்களுக்குத்தானுங்க கண்ணாடி போட முடியும்" என்றாள். மறுநாள் காலையில் சம்மதம் என்று போன் வந்தது.

அதற்கு முன், களத்திலிருந்து அன்றிரவே வீடு திரும்பும் வழியில், காங்கேயம் தாண்டியதும் அம்மாவிடம் கேட்டேன். "நீயும் தெரியுதுன்னு சொன்னியேம்மா?"

"காத்துல மண்ணு உழுகுதுன்னு நீ சாப்படறப்ப மூடிவச்சதே நாந்தான கண்ணு. எடுக்க மறந்துபோட்டேன். பாத்ததுமே ஞாபகம் வந்துருச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"அவங்க ரெண்டு பேரும் தெரியுதுன்னு சொன்னப்பறம் நான் எப்படிச் சொல்றது? நீ வேற அத்தனை சந்தோசமாப் பேசிட்டு இருந்த."

பல்லடம் வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் என் பொறுப்பு. உப்புமாவை வைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் சுகந்தி ஒரு வாய் மென்றுபார்த்து, "மூணு தெரியுதுங்க" என்பாள். அம்மா அடிப்பிடித்ததையும் சேர்த்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கு நாலும் தெரியுது கண்ணு" என்பாள்.