லோடு மாமா சொன்ன பக்கம் சாய்ந்த விமானம்

போடிநாயக்கனூரில் லோடு மாமாவின் அனுமதி இல்லாமல் எவரும் எதன் மேலும் உட்கார்ந்துவிட முடியாது.

ஜீப் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுவது அவர் வேலை. காலையில் ஏலத் தோட்டங்களுக்குப் போடிமெட்டு மலை ஏறும் ஜீப்புகளில் யார் எங்கே உட்காருவது என்று அவர்தான் முடிவு செய்வார். தராசு வேண்டாம், ஒரு பார்வை போதும். "ஆத்தா, நீ நடுவுல வா. மாப்ளே, நீ காத்துல பறந்துருவ, உள்ள போ. அண்ணே, நீங்க அடுத்த ஜீப்பு. ஒத்தையா!"

கொண்டை ஊசி வளைவுகளுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: "எல்லாரும் மலைப்பக்கம் சாயி!" பள்ளத்தை எட்டிப் பார்த்தவருக்கு மறுநாள் இடம் கிடையாது. அவருடைய ஜீப்பில் பழகியவர்கள் தூக்கத்தில்கூட மலைப்பக்கம்தான் சாய்வார்கள்.

இது ஸ்டாண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சினிமாக் கொட்டகையில் இடைவேளையின்போது எழுந்து, பெஞ்சின் ஒரு கோடியில் இருந்த இரண்டு பருத்த நண்பர்களைப் பிரித்து வைத்தார். கல்யாண மேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இடம் மாற்றப் பார்த்து, புரோகிதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு சாவு வீட்டில் பாடையை இறக்கச் சொல்லி, தூக்கியவர்களை உயரப்படி மாற்றி நிறுத்தினார். "இவரு ஆயுசுல ஒரு நா நேரா நடந்ததில்ல. இன்னைக்காவது நேரா போகட்டும்" என்றார். இறந்தவரின் மனைவியே அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார்.

அப்படிப்பட்டவரை விமானத்தில் ஏற்றியதற்கு நான்தான் காரணம்.

மின் பொறியியல் முடித்த எனக்கு மெட்ராஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சேருவதற்குக் கடைசி நாள் நெருங்கியபோது ஐப்பசி மழை மதுரைக்கு அப்பால் மெட்ராஸ் பாதையை அறுத்துவிட்டது. ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஏலக்காய் நல்ல விலை போன வருடம் என்பதால் அப்பா விமானத்துக்கு இணங்கினார். ஆனால் பெண்பிள்ளைக்குத் துணையாக லோடு மாமா வர வேண்டும். வழியில் ஏதாவது தகராறு என்றால் என்னை அப்படியே திருப்பிக் கூட்டிவந்துவிட வேண்டும். மாமா சத்தியம் செய்தார். விமானம் ஏறிய நாள்தான் கடைசி நாள். அன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

மதுரை விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டவரிடமே மாமா ஆரம்பித்தார். "பெட்டிய நிறுக்குறீங்க சரி, ஆள நிறுக்கலையே? பெட்டியா பெருசு, அந்தா நிக்கிறாரே அவரு பெருசா?" சுட்டிக் காட்டப்பட்டவர் சபாரி உடை போட்டிருந்தார். திரும்பி முறைத்தார்.

உள்ளே போனதும் மாமா ஆட்களை இடம் மாற்றத் தொடங்கினார். பணிப்பெண் அவரைப் பிடித்து இடப்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்து, பெல்ட்டையும் தன் கையாலேயே மாட்டினார். அவருக்குப் பக்கத்தில் நான்.

விமானம் மேலே எழும்பிய சற்று நேரத்தில் வலப்பக்கம் ஒரு பெரிய சத்தம். அந்தப் பக்கத்து விசிறி, கரண்ட் போன வீட்டு ஃபேன் மாதிரி மெதுவாகச் சுற்றி நின்றது. ஒரு இன்ஜின் பழுதாகிவிட்டது, மதுரைக்கே திரும்புகிறோம் என்று அறிவித்தார்கள். யாரோ அழத் தொடங்கினார்கள்.

"மாமா, ஒரு இன்ஜின்லயே இது பறக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பறக்கும்ல? அது அதோட சோலியப் பாக்கட்டும். நாம நம்ம சோலியப் பாப்போம்." பிறகு ஸ்டாண்டுக் குரலை எடுத்தார். "எல்லாரும் எடப்பக்கம் சாயுங்க! ஓடுற இன்ஜின் பக்கம்! வெரசா!"

"சார், சத்தம் போடாதீங்க, ப்ளீஸ்!" என்றார் பணிப்பெண்.

"நீயும் சாயி பாப்பா!"

முதலில் சாய்ந்தவர் எங்களுக்குப் பின்னால் இருந்த போடி ஏலக்காய் வியாபாரி. மாமாவின் ஜீப்பில் ஏறி இறங்கியே வளர்ந்த உடம்பு, கேள்வி கேட்காமல் சாய்ந்துவிட்டது. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். அழுதுகொண்டிருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு சாஞ்சாப் போதுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் தாயி. சபாரி அண்ணே, நீங்க கொஞ்சம் நிமிருங்க! ஒங்களால ஓவராப் போகுது!"

சபாரிக்காரர் பயபக்தியோடு நிமிர்ந்தார். விமானமே சிரித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சாய்வால் காசுக்குப் பிரயோசனமில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் மாமாவின் தோளில் சாய்ந்தேன்.

பத்திரமாக இறங்கினோம். வெளியே வந்த விமானியை மாமா மறித்தார். "தம்பி, பாரம் சரியா இருந்துச்சா?"

அந்த மனிதர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "ரொம்பச் சரியா இருந்துச்சு சார்" என்றார். அதன்பின் போடியில் மாமா சொன்ன கதையில் விமானத்தை இறக்கியவர்கள் இரண்டு பேர்.

ஆனால் அன்று, விமானி போனதும், மாமா, ஓரமா நடுவா என்றுகூடப் பார்க்காமல், பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தியானம் வேறு விமானம் போகும் என்றார்கள்.

"தகராறுன்னா கூட்டியாந்துரணும்னு ஒங்கப்பன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் ஆத்தா."

"இப்பத் திரும்புனா வேல போயிரும் மாமா."

"மறுபடி ஏறுவியா?"

"ஏறுவேன்."

"பயமா இல்ல?"

"இருக்கு."

மாமா ஓடுபாதையைக் காட்டினார். "மெட்டு ஏறுறப்ப வண்டி நின்னுபோனா என்ன செய்வோம்? எறங்கி, சக்கரத்துக்குக் கல்லு வச்சு, மறுபடி ஏறிப் போவோம். அத எவனாச்சும் தகராறும்பானா? வண்டி மூச்சு வாங்குதும்பான். அம்புட்டுதான்."

"அப்ப நீங்க ஊருக்குப் போங்க மாமா. நான் தனியாப் போயிக்கிறேன்."

"நல்லாருக்கே! நீ ஒத்தையா ஏறுனா பாரம் ஒரு பக்கமாப் போயிரும்."

மெட்ராஸ் வரை அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. நான் வேலையில் சேர்ந்தேன். அவர் பாதை சரியாகும்வரை காத்திருந்து, பஸ்ஸில் ஊர் திரும்பினார். டிரைவருக்குப் பின்னால், சரியாக நடுவில் உட்கார்ந்து.

இப்போது வேலை நிமித்தம் நான் அடிக்கடி விமானம் ஏறுகிறேன். இடப்பக்கம்தான் உட்காருவேன். விமானம் தரையை விட்டு எழும்பும்போது, ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தே, மாமா உட்கார்ந்திருந்த பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன்.