எட்டு இல்லாத எண்

நாமக்கல் லாரி வட்டாரத்திலேயே எட்டாம் நம்பருக்கு வக்காலத்து வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் டயர்காரர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

டயர் நம்பர்களை நோட்டில் ஏற்றுவது அவர் வேலை. உடனே ஏற்றிவிடுவாரா? சாக்பீஸால் டயர் மேலேயே அதை மூன்றால், ஏழால், பதினொன்றால் வகுத்துப் பார்ப்பார். எதற்கும் வகுபடாததைத் தட்டிக்கொடுத்து, "இவன் வைராக்கியக்காரனுங்க" என்பார். பஞ்சர் ஒட்ட வந்தவர் காத்திருந்தே தூங்கிப்போவார்.

முதலாளிக்கோ எட்டு என்றாலே வேப்பங்காய். மாடிப்படியில் எட்டாவது படியைத் தாண்டித்தான் ஏறுவார். அப்படித் தாண்டி விழுந்ததற்கும் பழி எட்டின் மேல்தான்.

ஒரு நாள் பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏற்றிய எங்கள் லாரி வாய்க்காலில் இறங்கியது. பிரேக் சரியில்லை என்று டிரைவர் செல்வராசு மூன்று முறை சொல்லியிருந்தார். முதலாளி மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை, எண் ஜோசியரைக் கூப்பிட்டார். செல்வராசு பிறந்தது பதினேழாம் தேதி. ஒன்றும் ஏழும் எட்டு.

"எட்டுக்காரன் எவனும் இனி இங்க ஆகாது!" என்றார் முதலாளி.

நான் பிறந்தது இருபத்தாறாம் தேதி. இரண்டும் ஆறும் எட்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றே என் சான்றிதழைப் பார்த்த டயர்காரர், அது முதலாளி கண்ணில் படாமல் சத்தமில்லாமல் தன் நோட்டுக்குள் செருகி வைத்திருந்தார்.

அவர்தான் எழுந்தார். "மொதலாளி, கால்குலேட்டர எடுங்க. 12345679. இதுல எட்டே இல்லீங்க."

முதலாளியின் முகம் மலர்ந்தது.

"செல்வராசு தேதி பதினேழால பெருக்குங்க."

209876543 வந்தது. "பாத்தியாய்யா, கண்டமேனிக்கு வருது!"

"பக்கத்துல ஒண்ணே ஒண்ணு தொணைக்கு நிக்கட்டுங்க. பதினெட்டால பெருக்குங்க."

222222222. முதலாளி வாயைப் பிளந்தார்.

"எட்டுக்கு ஒண்ணு சேத்தா ஒம்போதுங்க. பெருக்கினா எல்லாமே ஒண்ணு. இருவத்தாறுக்கு ஒண்ணு சேத்தா இருவத்தேழு. பெருக்கினா எல்லாமே மூணு. எட்டுக்காரன் மேல குத்தமில்லீங்க, கூட நிக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"அட! எட்டே இல்லாத நம்பரா!" என்றார் முதலாளி. அவர் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

மறுநாள் பெயிண்டர் வந்தார். எல்லா லாரி நெற்றியிலும் சிவப்பில் 12345679 எழுதினார். பிரேக்கை யாரும் தொடவில்லை. செல்வராசு வேலையிழந்து வீட்டுக்குப் போனார்.

டயர்காரர் சாக்பீஸை மேஜையில் வைத்தார். "நானும் எட்டாந்தேதிதானுங்க. வாரேனுங்க." என்னிடம் வந்து, மடித்த சான்றிதழை என் சட்டைப்பையில் செருகினார். "இருவத்தேழு, சாமி" என்று மட்டும் காதோடு சொன்னார்.

நான் தலை நிமிரவில்லை. என் தேதி முதலாளிக்குத் தெரியவே இல்லை, வேலை தங்கியது. இப்போதும் எதிரே சிவப்பு நம்பரோடு லாரி வந்தால் கூசிப்போகிறேன். என் பக்கத்தில் ஒன்றாக அவர் நின்றார். அவர் பக்கத்தில் ஒன்றாக நான் நிற்கவில்லை.