வெயில் குடித்த குதிரைச் சக்தி

மேட்டுச் சாலையில் பாதி தூரம் ஏறியதும் கார் முனகத் தொடங்கியது. மூன்றாவது கியர் போய் இரண்டாவது வந்தது. இரண்டாவதும் போய் முதலாவது வந்தது. சைக்கிளை மிதித்து மேடேறிய ஒரு பெரியவர் காரை முந்தியதோடு நிற்காமல், தள்ளிவிடணுமா என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பார்கள். சூடு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எழுதிக்கோம்மா. எண்பது செகண்டு."

பக்கத்து இருக்கையில் மடியில் நோட்டோடு இருந்த மனைவி எழுதினாள். "நேத்தைக்கும் எண்பதுதாங்க."

"நேத்தைக்கும் இதே வெயில்தானே? அதான் விஞ்ஞானம்."

சூடு சார் தொழில்நுட்பக் கல்லூரியில் எஞ்சின் பாடம் நடத்துபவர். இருபத்திரண்டு வருஷமாக வெப்பத்தைப் பற்றியே பேசுவதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. கொடுத்தவர்கள் கிண்டலுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர் முனைவர் பட்டம் போல வாங்கிக்கொண்டார்.

அவருடைய பெருமைக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் எஞ்சின் படும் பாட்டை நானூற்று அறுபது பக்கத்தில் எழுதி, கெட்டி அட்டை போட்டு, முந்நூறு பிரதி அச்சடித்திருந்தார். கடைக்குப் போன முதல் மூன்று வாரம் ஒன்றுகூட நகரவில்லை. தினமும் சாயங்காலம் கடைப் பக்கம் போய்விட்டு வருவார். அந்த நாள்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். நாலாவது வாரம் ஒரே மூச்சில் அத்தனையும் தீர்ந்துவிட்டதாகக் கடைக்காரர் சொல்லியனுப்பினார். அன்றைக்குச் சூடு சார் மூன்று முறை சாப்பிட்டார்.

அதே சமயத்தில்தான் கோடையும் பிறந்தது, காருக்கும் சோர்வு வந்தது. குளிர் மாதங்களில் நாற்பது விநாடியில் ஏறிய மேடு இப்போது எண்பது கேட்டது.

காரணம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சூடான காற்று லேசாகிவிடும். ஒரே மூச்சில் எஞ்சின் இழுக்கும் பிராணவாயு குறையும். பெட்ரோல் ஒழுங்காக எரியாது, சக்தி இறங்கும். இது அவர் புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயம். அதில் பத்து டிகிரி ஏறினால் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சக்தி குறையும் என்று அவரே கணக்குப் போட்டிருந்தார். இங்கேயோ பாதிச் சக்தியைக் காணோம். அப்படியானால் உலகத்துப் புத்தகங்கள் எல்லாம் தப்பு, தன்னுடையது உட்பட. தன் புத்தகத்தையே தப்பென்று நிரூபித்த பெருந்தன்மை அவருக்கே கண்ணீர் வரவழைத்தது.

"ரெண்டாம் பதிப்புல திருத்திடுவேன்," என்றார்.

"ரெண்டாம் பதிப்பா?" என்ற மனைவிக்கு இருமல் வந்துவிட்டது.

ஊருக்காக ஒரு மெக்கானிக்கிடமும் காட்டினார். மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்தார், சத்தம் கேட்டார், ஒரு குறையும் சொல்லத் தோன்றாமல் பின்பக்கம் போய் நின்றார். வண்டி பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறதே என்று சந்தேகப்பட்டார்.

"வெயில்ல ஸ்பிரிங் இளகியிருக்கு," என்றார் சூடு சார்.

டிக்கியைத் திறக்கலாமா என்று மெக்கானிக் கேட்டார். டிக்கிப் பூட்டு ஒரு மாதமாகச் சிக்கிக்கொண்டிருந்தது. மனைவிதான் ஒருநாள் வந்து அப்படிச் சொன்னாள், அவள் தயங்கிக்கொண்டே சொன்னதைக்கூட முடிக்கவிடாமல், வெயிலில் உலோகம் விரியும், பூட்டு இறுகும், கோடை போனால் தானே திறக்கும் என்று சூடு சார் விளக்கிவிட்டார். அதே விளக்கம் மெக்கானிக்குக்கும் கிடைத்தது. படித்தவரிடம் வாய் கொடுத்து என்ன லாபம் என்று அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்துதான் பாக்கி. சூடு சார் முதலில் எஞ்சின் மூடிமேல் ஈரச் சாக்கு போட்டார். அது மேட்டுக்கு முன்பே காய்ந்துவிட்டதால், வழியில் நனைத்துக்கொள்ள இரண்டு பெரிய கேன் தண்ணீரைப் பின் இருக்கையில் ஏற்றினார். விநாடி தொண்ணூற்றைந்து ஆனது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதுதான் குற்றம் என்று முடிவு கட்டி, ஒரு பெட்டி நிறையப் பனிக்கட்டி வாங்கி வைத்தார். நூற்றுப் பத்து. கேபினுக்குள் அனல் அடிக்கிறது, அதுவும் எஞ்சினைப் பாதிக்கும் என்று வீட்டிலிருந்த பழைய இரும்பு மின்விசிறியை பேட்டரியோடு பின்னால் பொருத்தினார். நூற்று முப்பது.

மருந்து கொடுக்கக் கொடுக்க நோய் முற்றியது. சூடு சாருக்கோ முகம் பூரித்துக்கொண்டே போனது. இத்தனை குளிர்ச்சி கொடுத்தும் வண்டி திணறுகிறது என்றால் வெயிலின் கொடுமை எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும். நோட்டில் வரைந்த கோடு ஏணி மாதிரி ஏறியது.

மனைவி ஒருநாள் படுக்கையை உதறிக்கொண்டே பேச்செடுத்தாள். "என்னங்க, அந்த வண்டி விஷயம். நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும், பயப்படாதே. வண்டிக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் அவர். "வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத்துல ஆண்டுக் கூட்டம். சிறப்புரை யாரு தெரியுமா? நான். என் கண்டுபிடிப்பை அங்கதான் வெளியிடப் போறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரை ஒருவரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. கல்லூரி விழாக்களில்கூட மைக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் முகத்தைப் பார்த்த மனைவி, சொல்ல வந்ததைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

சங்கத்தின் மண்டபம் மேட்டுச் சாலையின் உச்சியில் இருந்தது. பேச்சுக்கு முன்னால் நேரடிச் செய்முறை விளக்கம் என்று சூடு சார் அறிவித்திருந்தார். சாட்சிக்கு முன் இருக்கையில் சங்கச் செயலாளர் ஏறினார். அவர் உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கம் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. பின்னால் தண்ணீர், பனிக்கட்டி, மின்விசிறி, பேட்டரி.

மனைவி கதவைத் திறந்தவள் மூடிவிட்டாள். "நான் நடந்தே வந்துடறேங்க."

"இந்த வெயில்லயா?"

"எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுங்க."

உச்சி வெயிலில் மேடே பளபளத்தது. மேலே மண்டப வாசலில் எண்பது ஓட்டுநர்கள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கார் முதல் வளைவில் ஒருமுறை நின்றது. மரத்தடியில் ஒருமுறை நின்றது. மூன்றாம் முறை நின்றபோது பின்னோக்கியே உருள, செயலாளர் தன் வாழ்நாளில் செய்யாத பிரார்த்தனை எல்லாம் செய்தார். முனகி, இருமி, உச்சியைத் தொட்டபோது ஆறரை நிமிஷம் ஆகியிருந்தது. அங்கே மனைவி ஏற்கெனவே வந்து சேர்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர்கள் சிரிக்கவில்லை. எல்லோரும் கோடையில் வண்டியோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஏசி போட்டால் மேட்டில் இழுக்காது, மத்தியானத்தில் எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டும், நெரிசலில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும். முதலாளியிடம் சொன்னால் உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார். அதற்கெல்லாம் காரணம் இருக்கிறது, அது உங்கள் குற்றமில்லை என்று சூடு சார் மேடையில் நின்று ஒவ்வொன்றாக விளக்கியபோது மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. காலையில் தண்ணீர் அளவு பார்ப்பது, ரேடியேட்டர் முன்னால் அடைந்த தூசியைத் தட்டுவது, எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறக்காமல் இருப்பது என்று எல்லாம் சொன்னார். வகுப்பில் தூங்க வைக்கிற அதே மனிதர்தான். இங்கே குறிப்பெடுத்தார்கள்.

மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனிதருக்கு இவ்வளவு தெரியும் என்று அவளுக்கு எப்போதும் தெரியும். அது இன்னும் எண்பது பேருக்குத் தெரிந்துவிட்டதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிவில் சூடு சார் நோட்டை உயர்த்திப் பிடித்தார். கோடை வெயில் ஒரு காரின் பாதிச் சக்தியைக் குடித்துவிடுகிறது என்றும், உலகத்தில் யாரும் இதுவரை சொல்லாத இந்த உண்மைக்கு வாசலில் நிற்கும் தன் வண்டியே சாட்சி என்றும் அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமானது. முன்வரிசையில் ஒரு நரைத்த ஓட்டுநர் எழுந்து, இதெல்லாம் புத்தகமாக இருக்கிறதா, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். யாருக்கெல்லாம் வேண்டும் என்று செயலாளர் கேட்க, மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன.

மனைவி எழுந்தாள். இரண்டு வரிசை முன்னால், அழைப்பின் பேரில் வந்திருந்த புத்தகக் கடைக்காரரின் தோளைத் தொட்டாள். காதில் ஏதோ சொன்னாள். கைப்பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் வாசலுக்கு விரைந்தார்.

மேடையில் சூடு சார் இரண்டு கைகளையும் விரித்து, மண்டபத்தையே ஆறுதல்படுத்தினார். "மன்னிக்கணும். மொத்தப் பிரதியும் ஒரே நாள்ல வித்துப்போச்சு. இன்னிக்குத் தேடினாலும் ஊருக்குள்ள ஒண்ணு கிடைக்காது. ரெண்டாம் பதிப்பு வரைக்கும் நீங்க பொறுத்துக்கணும்."

வியர்த்து வழிய உள்ளே ஓடி வந்த கடைக்காரர் மேடைக்குக் கீழே நின்று, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"எதுக்கு சார் பொறுக்கணும், அன்னிக்கு உங்க வீட்டம்மா மொத்தமா வாங்கி, நானே உங்க டிக்கியில ஏத்திவிட்ட முந்நூறும் கட்டுப் பிரிக்காம அப்படியே இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்தாலே வண்டி ஜோரா ஓடும்."