திருப்பிப் பார்க்கும் டல்சி

பூத்தையல் போட்ட துணி ஒன்றைக் கையில் கொடுத்தால், "அடடா, என்ன அழகு!" என்பவர்கள் ஓர் இனம். பொய்யோ மெய்யோ, அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. விடுங்கள். கொடுத்த மறுகணமே அதைத் திருப்பிப் போட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பின்பக்கத்து முடிச்சுகளை எண்ணத் தொடங்குகிறவர்கள் இன்னோர் இனம். நாம் பார்க்கவேண்டியது இவர்களைத்தான். இவர்கள் நம்மைப் பார்ப்பதற்கு முன்னால்.

இவர்கள் கெட்டவர்களா? சேச்சே. முன்பக்கத்தைப் பார்க்கக் கண் இருந்தால் போதும், பின்பக்கத்தைப் பார்க்கத்தான் ஞானம் வேண்டும் என்று மனமார நம்புகிறவர்கள். நூலை நறுக்காமல் இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாளா, நுனியைச் செருகாமல் முடிச்சுப் போட்டு ஏமாற்றியிருக்கிறாளா, அவசரத்தில் வேறு சிவப்பைக் கோத்துவிட்டாளா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இனிப்பிலும் இதே நெறிதான். ரம் உருண்டையை உருட்டி அடியைப் பார்ப்பார்கள். தேங்காய் பர்பியைத் தலைகீழாக்கி, சர்க்கரை கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகுதான் வாய். அதுவும் ஓரத்தில் ஒரு கடி.

யாரபின் என்கிற ஊரில் இந்த இனத்துக்குத் தலைவி டல்சி பென்ரோஸ். செவ்வாய்தோறும் ஊர் மன்றத்தில் கூடித் தைக்கும் பெண்கள், அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் மடியிலிருப்பதைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொள்வார்கள். பின்பக்கத்தை மறைக்க ஒட்டுகிற துணிக்கு அந்த ஊரில் 'டல்சி' என்றே பெயர்.

"இது இப்படியே போனா மானம் போயிடும் மேவிஸ். ஒரு டல்சி வெச்சு மூடிடு."

"ஒண்ணு போதாதுடி. அவ கைல ஊசி இருக்கும், பிரிச்சுப் பாத்துடுவா. ரெண்டு டல்சியா வெக்கறேன்."

இது டல்சிக்கும் தெரியும். பெருமைதான். எத்தனை பேருக்குத் தன் பெயரில் ஒரு துணி இருக்கிறது?

போன கிறிஸ்துமஸுக்கு மருமகள் கீலி, மூன்று மாதம் உட்கார்ந்து தைத்த குஷன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். டல்சி என்ன செய்தாள்? ஜிப்பைத் திறந்து, மீனுக்குக் குடல் எடுப்பதுபோல் பஞ்சை வெளியே உருவி, உறையை உள்வெளியாகப் புரட்டி, விருந்து மேசையில் வான்கோழிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினாள்.

"பதினொரு முடிச்சு," என்றாள். "பரவால்ல. முயற்சி தெரியுது."

இந்த இனத்தாரின் அகராதியில் 'முயற்சி தெரிகிறது' என்பது உயர்ந்த பாராட்டு. கேட்கிறவர்களின் அகராதி வேறு. புட்டிங் மேசைக்கு வருவதற்குள் மகனும் மருமகளும் காரில் ஏறிவிட்டார்கள். அதன்பின் ஒரு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. இடையில் பேத்தி பிறந்தாள். டல்சி அவளைக் கைப்பேசியில்தான் பார்த்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் மகன் க்ளென் பேசினான்.

"அம்மா, இந்த வருஷம் வரோம். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுடா."

"எதையும் திருப்பக் கூடாது."

"எதையுமேவா?"

"எதையுமே. இன்னொரு தடவ நீ திருப்பினா, கீலி அந்த வாசப்படிய மிதிக்க மாட்டா. பாப்பாவும் வரமாட்டா."

டல்சி சற்று யோசித்தாள். "பாப்பாவுக்குப் பவுடர் போடணும்னா?"

"அம்மா!"

அந்த ஊருக்கு டிசம்பர்தான் கோடை; கிறிஸ்துமஸ் அன்று நாற்பத்திரண்டு டிகிரி. கீலி ஒரு டப்பா நிறைய 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' செய்து வந்திருந்தாள். பனியைப் படத்தில் மட்டும் பார்த்த ஊரில் ஓர் இனிப்புக்கு அப்படிப் பெயர். அரிசிப்பொரி, பால் பவுடர், உலர்ந்த பழம் எல்லாவற்றையும் தேங்காய்க் கொழுப்பில் கட்டிப்போட்டது. வெயிலில் கட்டு அவிழ்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் என்ன நிலைமையோ? டல்சி கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். அறுபத்தாறு வருடத்தில் இது முதல் முறை.

அடுத்த சோதனை பாப்பாவின் கழுத்தில் தொங்கியது. எச்சில் துணி. அதில் கீலி கையால் தைத்த மஞ்சள் வாத்து. டல்சி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பாப்பாவ வாங்கிக்க டல்சி," என்றார் கணவர் ராய்.

"கை வேலையா இருக்கு."

"ஒக்காந்துக்கிட்டுதான இருக்க?"

"அதான் வேலை."

இத்தனை மாதம் அவள் பார்க்க ஏங்கிய பேத்தி எதிரே கையை நீட்டிக்கொண்டிருக்க, டல்சி தன் கைகளுக்குக் காவல் இருந்தாள். இவ்வளவு தவத்தையும் கீலி கவனித்ததாகவே தெரியவில்லை. அவள் கண் சோபாவில் இருந்தது.

"அந்தக் குஷன் எங்க டல்சி? காணோமே."

"அலமாரில பத்திரமா இருக்கு கீலி."

"அதுல என்ன தைச்சிருந்தேன்?"

"பதினொரு முடிச்சு. அப்புறம் பழுப்பு நூல் ஒண்ணு இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்கு…"

"முன்னால டல்சி. முன்னால என்ன?"

டல்சி கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"வாத்து?" என்றாள் டல்சி.

கீலி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள், பாப்பாவின் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டே. கார் சாவி அந்தப் பையில்தான் இருந்தது.

உறை போன வருடம் புரட்டியபடியே அலமாரியில் கிடந்தது. டல்சி அதை நேராக்கினாள். முன்பக்கத்தில் நகெட் உட்கார்ந்திருந்தது. பதினான்கு வருடம் ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஓடிய நாய். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான்கு மாதம் முன்புதான் ராயும் அவளும் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி அதைப் புதைத்தார்கள். மூக்கின்மேல் அதே வெள்ளைக் கோடு. முள்கம்பியில் மாட்டிக் கிழிந்த அதே இடது காது. விசில் சத்தம் வந்த திசைக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு, இதோ வந்தேன் என்கிற அதே பார்வை.

அலமாரிக் கதவு மூடும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

உறையை மார்போடு அணைத்துக்கொண்டு டல்சி திரும்பி வந்தாள். நாய் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தக் காது," என்றாள். "அப்படியே இருக்குடி."

"அது சரியா வரலேன்னு ஆறு தடவ பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன்," என்றாள் கீலி. "பதினொரு முடிச்சும் அதுக்குத்தான்." பையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து பாப்பாவை டல்சியின் மடியில் உட்காரவைத்தாள்.

எல்லாம் சுபம்தான். ஆனாலும் இனம் இனம்தானே? டல்சியின் கட்டைவிரல் மெல்ல மஞ்சள் வாத்தின் ஓரத்துக்கு அடியில் நுழைந்தது.

"அம்மா!"

"வாய் தொடைக்கிறேன்டா!"

முதலில் சிரித்தவள் கீலி. புட்டிங் வந்தபோது நாற்காலிகளில் ஒன்றுகூடக் காலியாக இல்லை.

நீங்கள் அப்படியல்ல, தெரியும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தால், அடி கருகியிருக்கிறதா என்று பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்கிறவர் நீங்கள். இதைப் படிக்கும்போதுகூட 'பரவாயில்லை, ஆனால் இரண்டு இடத்தில் ஒற்று மிகவேண்டும்' என்று பென்சிலால் குறித்திருக்க மாட்டீர்கள். குறித்துவிட்டீர்களா? நல்லது, திருத்திக்கொள்ளலாம். ஒன்று மட்டும், மேலே பார்க்காமல் சொல்லுங்கள்: நாய்க்குக் கிழிந்திருந்தது எந்தக் காது?